கொண்டை

மூட்டை தைப்பது என் தொழில்.
கோணி ஊசி, நீலக் கயிறு,
இரண்டு கை, முட்டுக்கொடுக்க ஒரு முழங்கால்.
சாக்கின் வாய் நிறைந்த பிறகுதான்
எனக்கு வேலை.

வாய்க்கு மேலே இன்னும் அடுக்க வேண்டும் கேரட்டை
குறுக்கும் நெடுக்குமாக, வேலி அடைப்பதுபோல.
அதன்மேல் கயிற்றை வலையாகப் பின்னி
மூச்சைப் பிடித்து இழுத்தால்
மூட்டைக்குக் கொண்டை முளைத்துவிடும்.
லும்பேசா என்போம் எங்கள் பேச்சில்.

விலை மூட்டைக்கு.
கொண்டைக்கு விலை கிடையாது.
தைத்த எனக்கு மட்டும்
கொண்டைக்கு ஐந்நூறு ஷில்லிங்
தரகர் டெம்பா தருகிறார், சில்லறையாக.

சந்தை அலுவலகத்தில் தராசு ஒன்று உண்டு.
நூறு கிலோவுக்கு மேல் கட்டினால் குற்றம் என்று
சுவரில் பச்சை எழுத்தும் உண்டு.
தராசு அறையின் சாவி அதிகாரியிடம்.
அதிகாரி கொரோக்வேயில்.
எப்போது கேட்டாலும் கொரோக்வேயில்.

இந்த ஏப்ரலில் மலை சரிந்து
மூன்றாவது வளைவோடு பாதை போயிற்று.
ஒன்பது நாள்.
தார் எஸ் சலாமில் சுமை தூக்கும் தம்பி
ஜைத்தூனிக்குத் தினமும் செய்தி அனுப்பினான்:
தொண்ணூறாயிரம்.
ஒரு லட்சத்துப் பத்து.
ஒரு லட்சத்து நாற்பது, அக்கா, எப்படியாவது அனுப்பு.
அவள் கேரட்டுகள் மண்ணுக்குள்ளேயே பருத்து
நீளவாக்கில் வெடித்துக்கொண்டிருந்தன.
அந்தச் செய்திகளை அவள் அழிக்கவில்லை.
எனக்குக் காட்டினாள், திட்டுவதுபோல.

பத்தாம் நாள் பாதை திறந்தது.
மலை முழுதும் ஒரே காலையில் இறங்கி வந்தது
தலைச்சுமையாக, கழுதைச்சுமையாக.
டெம்பா லாரியைவிட்டு இறங்கவேயில்லை.
இருபத்தெட்டு, என்றார் கண்ணாடி வழியே,
கொண்டையோடு.

நான் அவளுடைய நாலாவது மூட்டையை முடிந்து நிமிர்ந்தபோது
ஜைத்தூனி துணிப்பையைத் திறந்தாள்.
உள்ளே
சுகாதார நிலையத்தில் குழந்தைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு,
கால் நுழைக்கும் நீலக் கால்சட்டையோடு.
அவகேடோ கிளையில் மாட்டினாள்.
நான் போட்ட முடிச்சை நானே பார்க்க அவிழ்த்தாள்.
கொண்டைக் கேரட்டை
அந்தச் சின்னக் கால்சட்டைக்குள் திணித்துத் திணித்து
இரண்டு நடை நிறுத்தாள்.
இருபத்துநாலு. பிறகு பதினைந்து.

போன மாதம் என் மகளை நிறுத்ததும் இதே தராசில்தான்.
எட்டுக் கிலோ,
இன்னும் ஏற வேண்டும் என்றார் நர்ஸ்.

சுற்றி நின்றவர்கள் யாரும் பேசவில்லை.
டெம்பா கோபப்படவும் இல்லை.
பாவம், என்றார் என்னைப் பார்த்து,
அடுத்த மூட்டையைப் பாரு.
அடுத்த மூட்டைக்காரர் ஏற்கெனவே
கொண்டைக்கான கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு
வரிசையில் நின்றார்.

கால்மணி நேரம் நின்றாள்.
பிறகு அவளே அடுக்கிக் கொடுத்தாள், குறுக்கும் நெடுக்குமாக.
நான் தைத்தேன்.

அன்றைக்கு அறுபத்திரண்டு கொண்டை.
என் பையில் முப்பத்தோராயிரம்.
விதைக்கடன், உரக்கடன், கழுதைக்கூலி போக
மூன்று மாதத்துக்கு ஜைத்தூனி கையில் பத்தொன்பது.
உழுதவர் கணக்குப் பார்க்கக் கூடாதாம்;
தைத்தவன் பார்த்தேன்.
அறுபத்திரண்டை முப்பத்தொன்பதால் பெருக்கினால்
இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோ.
சீட்டில் எங்கும் எழுதாமல்
என் முடிச்சுகளுக்குள் உட்கார்ந்து
மலை இறங்கிப் போயிருக்கிறது.

இருட்டும் வேளை வந்தாள்.
தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
ஊசியை வாங்கிப் பார்த்தாள்,
காதின் துளையில் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

இது எங்கே கிடைக்கும், என்றாள்,
என்ன விலை?